வெப்பநிலையில் உறுதி, மழையில் தயக்கம்: காலநிலைப் போக்கை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

கேள்வி இது: ஒரு காலநிலை விஞ்ஞானி வெப்பநிலையின், மழையின் நீண்டகாலப் போக்கை எப்படிக் கண்டுபிடிக்கிறார்? பழைய அளவீடுகளைத் திருத்துகிறார்கள் என்கிறார்களே, அந்தத் தரவை நம்பலாமா? வெப்பநிலை பற்றி அடித்துப் பேசுபவர்கள் மழை என்று வந்ததும் ஏன் தயங்குகிறார்கள்?

மூன்றாவது கேள்வியைப் பலர் குறையாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். "மழையைப் பற்றித் தெளிவாகச் சொல்ல முடியாதவர்கள் வெப்பத்தைப் பற்றிச் சொல்வதை மட்டும் எப்படி நம்புவது?" என்று. என் பார்வையில் அந்த உறுதியும் தயக்கமும் ஒரே வேலைமுறையின் இரண்டு விளைவுகள். ஒரே கணக்கை இரண்டு தரவுகளிலும் போடுகிறார்கள். ஒன்றில் விடை பளிச்சென்று வருகிறது, மற்றொன்றில் தற்செயலான ஏற்ற இறக்கங்கள் என்ற இரைச்சலுக்குள் மறைந்து நிற்கிறது. ஏன் அப்படி என்பதைப் புரிந்துகொண்டால் மற்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் கிடைத்துவிடும். அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

வெப்பநிலையிலிருந்து தொடங்கலாம். உலகச் சராசரி வெப்பநிலை என்று செய்திகளில் வரும் எண்ணை எந்த வெப்பமானியும் காட்டுவதில்லை. அது கட்டியெழுப்பப்பட்ட எண். மலை உச்சியில் ஒரு நிலையம், அடிவாரத்தில் ஒரு நிலையம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் பத்து டிகிரி வித்தியாசம் இருக்கலாம். இரண்டையும் அப்படியே கூட்டிச் சராசரி எடுத்தால், மலை நிலையத்தை மூடிய மறுநாளே சராசரி எகிறிவிடும். பூமி சூடாகவில்லை, நிலையங்களின் பட்டியல்தான் மாறியது. இந்தச் சிக்கலைத் தவிர்க்க ஒவ்வொரு நிலையத்தையும் அதன் சொந்தப் பழைய சராசரியோடு மட்டும் ஒப்பிடுகிறார்கள். 1991 முதல் 2020 வரையிலான முப்பது ஆண்டுச் சராசரியிலிருந்து இந்த மாதம் எவ்வளவு கூடியது, எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பது போல. இந்த வித்தியாசத்துக்கு விலகல் என்று பெயர்.

விலகலுக்கு ஓர் அருமையான பண்பு உண்டு. மலை உச்சியும் அடிவாரமும் வெப்பநிலையில் வேறுபட்டாலும், ஒரு மாதம் வழக்கத்தைவிடச் சூடாக இருந்தால் பெரும்பாலும் இரண்டு இடத்திலும் சூடாகத்தான் இருக்கும். 1987-இல் ஜேம்ஸ் ஹேன்சனும் செர்கேய் லெபெடெஃபும் இதை அளந்து பார்த்தார்கள். நடு அட்சரேகைகளிலும் துருவத்தை ஒட்டிய பகுதிகளிலும் சுமார் 1200 கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் நிலையங்கள்கூட விலகலில் ஒன்றாக ஏறி இறங்குவது தெரிந்தது. ஒரு நிலையம் தன்னைச் சுற்றியுள்ள பெரிய பரப்புக்குச் சாட்சி சொல்ல முடியும் என்பதுதான் இதன் பொருள். சில ஆயிரம் நிலையங்களை வைத்துக்கொண்டு நிலப்பரப்பு முழுவதற்கும் கணக்குச் சொல்ல முடிவது இதனால்தான். மழைக்கு இந்த வசதி கிடையாது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்தக் கணக்கை முதலில் உருப்படியாகப் போட்டவர்களில் ஒருவர் தொழில்முறை வானிலையாளரே அல்ல. கை ஸ்டூவர்ட் காலண்டர் என்ற பிரிட்டிஷ்காரர், நீராவிப் பொறியாளர். அலுவல் நேரம் போக மிச்ச நேரத்தில் உலகெங்குமிருந்து 147 நிலையங்களின் பதிவுகளைத் திரட்டி, கணினி எதுவும் இல்லாத காலத்தில் கையாலேயே கணக்கிட்டார். அதற்கு முந்தைய அரை நூற்றாண்டில் நிலப்பரப்பு சுமார் 0.3 டிகிரி செல்சியஸ் சூடாகியிருக்கிறது என்றும், எரிபொருள் எரிப்பதால் சேரும் கரியமில வாயுவுக்கு இதில் பங்கு உண்டு என்றும் 1938-இல் எழுதினார். வானிலைத் துறையின் பெரியவர்கள் சந்தேகத்தோடுதான் கேட்டார்கள். இன்று பல மடங்கு அதிகமான தரவை வைத்து அதே காலத்தைக் கணக்கிட்டால் அவருடைய வளைகோட்டோடு வியக்கத்தக்க அளவுக்கு ஒத்துப்போகிறது. இந்த வெப்பமயமாதல் மனிதர்களுக்கு நன்மையே செய்யும் என்று அவர் நினைத்தார் என்பதையும் சொல்லவேண்டும். ஆபத்தை அறிவிக்க வேண்டும் என்று கிளம்பி அதற்கேற்ற எண்ணைத் தேடியவர் அல்ல அவர். எண்கள் காட்டியதை எழுதினார், அவ்வளவுதான்.

சரி, திருத்தம். இந்தச் சொல்லைக் கேட்டதும் யாரோ அறைக்குள் உட்கார்ந்து எண்களை மாற்றி எழுதுவது போன்ற ஒரு படம் மனதில் வருகிறது. உண்மையில் நடப்பதைப் பார்ப்போம். நூறு ஆண்டுப் பதிவு என்றால் அந்த நூறு ஆண்டும் ஒரே கருவி, ஒரே இடம், ஒரே ஆள், ஒரே நேரம் என்று எங்குமே இருக்காது. நிலையத்தை ஊர் நடுவிலிருந்து விமானநிலையத்துக்கு மாற்றியிருப்பார்கள். சுவரில் மாட்டியிருந்த வெப்பமானியை, தாமஸ் ஸ்டீவன்சன் 19-ஆம் நூற்றாண்டில் வடிவமைத்த வெள்ளை மரப் பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். பாதரசம் போய் மின்னணு உணரி வந்திருக்கும். ஒவ்வொரு மாற்றமும் பதிவில் ஒரு படிக்கட்டை விட்டுச்செல்லும். அந்தப் படிக்கட்டு காலநிலையால் வந்தது அல்ல.

அமெரிக்காவில் நடந்ததை உதாரணமாகச் சொல்லலாம். அங்கே தன்னார்வலர்கள் நாளுக்கு ஒருமுறை உச்ச, தாழ்ந்த வெப்பநிலையைக் குறித்துவிட்டுக் கருவியை மீட்டமைப்பார்கள். முன்பெல்லாம் மாலையில் செய்தார்கள். கடுமையான வெயில் நாளில் மாலை ஐந்து மணிக்கு மீட்டமைத்தால் அப்போதும் சூடு இறங்கியிருக்காது. மறுநாள் குளிர்ச்சியாக இருந்தாலும் கருவி நேற்று மாலையின் சூட்டையே மறுநாளின் உச்சமாகக் காட்டும். ஒரே வெயில் இரண்டு நாள் கணக்கில் ஏறிவிடும். 20-ஆம் நூற்றாண்டில் படிப்படியாகக் காலையில் அளக்கும் வழக்கத்துக்கு மாறினார்கள். அப்போது தலைகீழாக, குளிர்ந்த விடியல்கள் இரண்டு முறை பதிவாகத் தொடங்கின. விளைவு, காகிதத்தில் மட்டும் நாடு குளிர்ந்தது. தாமஸ் கார்லும் உடன் பணியாற்றியவர்களும் 1986-இல் இதற்கான திருத்தத்தை வெளியிட்டார்கள். திருத்திய பிறகு வெப்பமயமாதல் கூடுதலாகத் தெரிந்தது. தரவைத் திரிக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டுகள் பெரும்பாலும் இந்த ஓர் உதாரணத்தைத்தான் சுட்டிக்காட்டும். மணிநேரப் பதிவு இருக்கும் நிலையங்களை வைத்து இந்தப் பிழையின் அளவை யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம் என்பதை அவை சொல்வதில்லை.

இன்னும் சுவாரசியமானது கடல். பூமியின் பரப்பில் எழுபது சதவீதம் கடல்தான். உலகச் சராசரியைத் தீர்மானிப்பது பெருமளவு அதுதான். முன்பு மாலுமிகள் வாளியைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கி, தண்ணீரை மேலே இழுத்து அதில் வெப்பமானியை வைத்துப் பார்ப்பார்கள். கித்தான் வாளியாக இருந்தால் மேலே வருவதற்குள் நீர் ஆவியாகிக் கொஞ்சம் குளிர்ந்துவிடும். பிறகு வந்த முறையில் இயந்திர அறைக்குக் குளிரூட்ட உள்ளே இழுக்கப்படும் கடல்நீரை அளந்தார்கள். இயந்திர அறையின் சூட்டால் அது கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். இரண்டாம் உலகப் போரின்போது இரவில் விளக்கோடு மேல்தளத்தில் நின்று வாளி இறக்குவது உயிருக்கு ஆபத்து. தவிர, அந்த ஆண்டுகளின் பதிவில் பெரும்பகுதி இயந்திர அறையில் அளக்கும் அமெரிக்கக் கப்பல்களிலிருந்து வந்தது. 1945-இல் போர் முடிந்ததும் வாளியில் அளக்கும் பிரிட்டிஷ் கப்பல்களின் பங்கு திடீரென்று கூடியது. பதிவில் கடல் ஒரே அடியாகச் சுமார் 0.3 டிகிரி குளிர்ந்துவிட்டது. 2008-இல்தான் டேவிட் தாம்சனும் ஜான் கென்னடி, ஜான் வாலஸ், ஃபில் ஜோன்ஸ் ஆகியோரும் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்கள். அறுபது ஆண்டுகள் அந்தப் படிக்கட்டு எல்லார் கண்ணெதிரேயும் இருந்தது.

இப்போது முக்கியமான விஷயம். வாளிகளுக்கான திருத்தம் பழைய கடல் வெப்பநிலையை மேலே தூக்குகிறது. பழையது மேலே போனால் அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் குறையும். நிலம், கடல் இரண்டின் திருத்தங்களையும் சேர்த்துப் பார்த்தால், 19-ஆம் நூற்றாண்டிலிருந்து இன்றுவரையிலான உலக வெப்பமயமாதலைத் திருத்தங்கள் குறைத்துத்தான் காட்டுகின்றன. திருத்தாத கச்சாத் தரவைப் பயன்படுத்தினால் போக்கு இன்னும் செங்குத்தாக இருக்கும். பூமி சூடாகிறது என்று மிகைப்படுத்திக் காட்ட விரும்பும் ஒருவர் செய்யக்கூடிய வேலையா இது?

நகரமயமாதல் பற்றியும் நியாயமான சந்தேகம் உண்டு. நிலையத்தைச் சுற்றிக் கட்டடங்கள் முளைத்தால் சூடு கூடும்தானே? கூடும். இதைச் சோதிக்க டேவிட் பார்க்கர் 2004-இல் ஒரு எளிய வழியைப் பயன்படுத்தினார். நகரச் சூடு காற்றில்லாத இரவுகளில்தான் தேங்கும், பலத்த காற்று வீசினால் கலைந்துவிடும். வெப்பமயமாதல் நகரங்களின் விளைவு என்றால் காற்றில்லாத இரவுகளின் போக்கு அதிகமாகவும் காற்றுள்ள இரவுகளின் போக்கு குறைவாகவும் இருக்கவேண்டும். இரண்டும் ஒரே அளவில்தான் இருந்தன. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வுகளில் இது ஒன்று. புதிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. ஏற்கெனவே இருந்த தரவிடம் சரியான கேள்வியைக் கேட்டார், அவ்வளவுதான். பிறகு ரிச்சர்ட் முல்லர் என்ற இயற்பியலாளர், பழைய கணக்குகளின் மீது வெளிப்படையாகச் சந்தேகம் தெரிவித்தவர், பெர்க்லி எர்த் என்ற குழுவை உருவாக்கி எல்லாவற்றையும் புதிதாகக் கணக்கிட்டார். விடை பழையதோடு ஒத்துப்போனது. அவர் 2012-இல் அதைப் பொதுவெளியில் ஒப்புக்கொண்டார்.

அடுத்தது போக்கைக் கணக்கிடுவது. புள்ளிகளின் நடுவே ஒரு கோடு போடுவதைப் பள்ளி மாணவர்கூடச் செய்வார். அந்தக் கோடு எதைக் குறிக்கிறது என்பதில்தான் வேலை இருக்கிறது. பசிபிக் கடலின் மேற்பரப்பு வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ வரும் ஆண்டு உலகம் சூடாகும், அது வழக்கத்தைவிடக் குளிரும் லா நினா வந்தால் குளிரும். 1991-இல் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை வெடித்தபோது அடுத்த ஓரிரு ஆண்டுகள் உலகம் சுமார் அரை டிகிரி வரை குளிர்ந்தது. இவையெல்லாம் போக்கின் மேல் ஏறி அமர்ந்திருக்கும் அலைகள். குறுகிய காலத்தை எடுத்தால் அலையைத்தான் அளப்போம். 1998 ஒரு பெரிய எல் நினோ ஆண்டு. அங்கிருந்து தொடங்கி 2012 வரை கோடு போட்டால் பத்தாண்டுக்கு 0.05 டிகிரிதான் ஏற்றம். 1951-இலிருந்து தொடங்கினால் அதே 2012 வரை பத்தாண்டுக்கு 0.12 டிகிரி. இந்த இரண்டு எண்களையும் 2013-இல் ஐநாவின் காலநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐபிசிசியின் அறிக்கையே பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டி, தொடக்க ஆண்டை மாற்றினால் விடை மாறும் என்று எச்சரித்தது. ஆனாலும் முதல் எண்ணை மட்டும் உருவிக்கொண்டு பல ஆண்டுகள் பேசினார்கள். யாராவது ஒரு போக்கைச் சொன்னால் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்று முதலில் கேளுங்கள்.

இன்னொரு நுணுக்கம். ஓர் ஆண்டு சூடாக இருந்தால் அடுத்த ஆண்டும் சூடாக இருக்க வாய்ப்பு அதிகம். கடல் வெப்பத்தைப் பிடித்து வைத்திருக்கும். எனவே முப்பது ஆண்டுத் தரவு முப்பது தனித்தனிச் சாட்சிகள் ஆகாது, அதைவிடக் குறைவு. இதைக் கணக்கில் எடுக்காமல் பிழை வரம்பைக் கணக்கிட்டால் இல்லாத உறுதி கிடைத்துவிடும். நல்ல ஆய்வு இதைச் சரிசெய்திருக்கும். அவசரத்தில் எழுதியது பெரும்பாலும் செய்திருக்காது.

இத்தனை சல்லடைகளையும் தாண்டி வெப்பநிலை நிற்கிறது. 1850–1900 காலத்தோடு ஒப்பிட்டால் 2011–2020 காலம் 1.09 டிகிரி அதிகம். நிலத்தில் மட்டும் 1.59, கடலில் 0.88. 2024 ஆம் ஆண்டு சுமார் 1.55 டிகிரி அதிகம் என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது. தனித்தனிக் குழுக்கள், தனித்தனி முறைகள், கிட்டத்தட்ட ஒரே வளைகோடு. ஆண்டுக்கு ஆண்டு வரும் ஏற்ற இறக்கம் ஒன்றிரண்டு பத்தில் பங்கு டிகிரி. போக்கோ ஒரு டிகிரிக்கும் மேல். இரைச்சலைவிடப் போக்கு பல மடங்கு பெரியது. அடித்துப் பேச முடிவதன் காரணம் இந்த விகிதம்தான்.

அப்புறம் மழை. இங்கே கிட்டத்தட்ட எல்லாமே தலைகீழ்.

ஒரு தெருவில் கொட்டும், அடுத்த தெருவில் தூறல்கூட இருக்காது. எல்லாருக்கும் தெரிந்த இந்த விஷயம்தான் ஆய்வாளரின் பெரிய தலைவலி. வெப்பநிலை விலகல் ஆயிரம் கிலோமீட்டர் வரை ஒத்துப்போகும் என்றேன். ஒரு நாள் மழை சில பத்து கிலோமீட்டருக்குள்ளேயே ஒத்துப்போகாது, இடிமழையாக இருந்தால் சில கிலோமீட்டருக்குள்ளேயே. அப்படியென்றால் மழைமானிகள் மிக நெருக்கமாக இருக்கவேண்டும். இருக்கின்றனவா? கிறிஸ் கிட் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 2017-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். உலகத்தில் தரவு கிடைக்கும் எல்லா மழைமானிகளின் வாயையும் ஒன்றாகச் சேர்த்து வைத்தால் பாதிக் கால்பந்து மைதானத்தைக்கூட நிரப்பாது. அந்த அளவு துளையின் வழியாகத்தான் பூமி முழுவதன் மழையையும் நேரடியாக அளந்திருக்கிறோம். கடலின் மேல் மழைமானியே கிட்டத்தட்ட இல்லை. செயற்கைக்கோள்கள் உதவுகின்றன, வெப்பமண்டல மழையை அளக்கும் டிஆர்எம்எம் 1997-இல் விண்ணுக்குப் போனது, அதன் தொடர்ச்சியாக ஜிபிஎம் 2014-இல் போனது. ஆனால் நூற்றாண்டுப் போக்கைச் சொல்ல அந்தக் காலம் போதாது.

கருவியும் எளிமையானது போலத் தோன்றி ஏமாற்றும். மழைமானியின் வாயருகே காற்று சுழன்று துளிகளை வெளியே தள்ளிவிடும். மழையில் சில சதவீதம் இப்படித் தவறும், பனியில் பாதிகூடத் தவறலாம். சுற்றியிருந்த மரங்கள் வளர்ந்து காற்று குறைந்தால் அதே மழைக்குக் கூடுதல் அளவு பதிவாகும். குளிர் நாடுகளில் வெப்பமயமாதலால் பனி மழையாக மாறும்போதும் பதிவான அளவு கூடும், விழுந்தது கூடாமலேயே. போக்கைத் தேடுபவர் இதையெல்லாம் பிரித்தெடுக்க வேண்டும்.

இதற்கெல்லாம் மேலாக மழையின் இயல்பே கரடுமுரடானது. பெரும்பாலான நாட்கள் சுழியம், சில நாட்கள் கொஞ்சம், ஓரிரு நாட்கள் வெள்ளம். ஆண்டு மழையில் பெரும்பங்கு விரல்விட்டு எண்ணக்கூடிய நாட்களில் விழுந்துவிடும். ஓர் ஆண்டு வழக்கத்தில் பாதி, அடுத்த ஆண்டு ஒன்றரை மடங்கு என்பது பல இடங்களில் சாதாரணம். இப்படிப்பட்ட தரவில் சாதாரண நேர்கோடு போட்டால் ஒரே ஒரு வெள்ள ஆண்டு கோட்டைத் தன் பக்கம் இழுத்துவிடும். அதனால்தான் மழை ஆய்வுகளில் மான்–கெண்டால் சோதனையும், பிரணாப் குமார் சென் 1968-இல் எழுதிய சாய்வுக் கணக்கும் அடிக்கடி வருகின்றன. முன்னது எண்களின் வரிசையை மட்டும் பார்க்கும், பின்னது எல்லா இரட்டைப் புள்ளிகளின் சாய்வுகளிலிருந்தும் நடுவிலிருப்பதை எடுக்கும். ஒரு முரட்டு ஆண்டு இவற்றை அவ்வளவாக அசைக்காது.

இந்தக் கருவிகளும் கைவிடும் இடம் உண்டு. ஒரே ஒரு நிலையத்தின் ஐம்பது ஆண்டு மழையை எடுத்து மான்–கெண்டால் ஓட்டி, "போக்கு இல்லை" என்று முடிக்கும் கட்டுரைகள் ஏராளம். போக்கு இல்லை என்பதற்கும் இந்தத் தரவில் போக்கைப் பார்க்க முடியவில்லை என்பதற்கும் உள்ள தூரம் பெரியது. எதிர்த்திசையிலும் தவறு நடக்கிறது. ஆயிரம் நிலையங்களைச் சோதித்தால், எந்தப் போக்கும் இல்லாவிட்டாலும் நூற்றில் ஐந்து முறை தற்செயலை அனுமதிக்கும் ஐந்து சதவீத அளவுகோலில் சுமார் ஐம்பது நிலையங்கள் தற்செயலாகவே தேறிவிடும். அந்த ஐம்பதை மட்டும் வரைபடத்தில் சிவப்பில் காட்டினால் பார்ப்பவருக்குப் பகீரென்றிருக்கும்.

சரி, அப்படியானால் மழையைப் பற்றி உறுதியாக எதுவுமே சொல்ல முடியாதா? முடியும். ஆனால் மொத்த மழையைக் கேட்டால் கிடைக்காத விடை, மழையின் வடிவத்தைக் கேட்டால் கிடைக்கிறது. இங்கே இயற்பியல் கைகொடுக்கிறது.

காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் கூடும். இது 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே தெரிந்த கிளாசியஸ்–கிளாபெரான் உறவு. அப்படியானால் மழையும் டிகிரிக்கு 7 சதவீதம் கூட வேண்டாமா? உலகச் சராசரி மழை அப்படிக் கூடாது. நீராவி மழையாகும்போது வெப்பத்தை வெளிவிடும். அந்த வெப்பத்தை வளிமண்டலம் கதிர்வீச்சாக வெளியேற்றினால்தான் அடுத்த மழைக்கு இடமுண்டு. வெளியேற்றும் வேகம் அவ்வளவாகக் கூடுவதில்லை. அதனால் உலக மொத்த மழை டிகிரிக்கு 1 முதல் 3 சதவீதம்தான் கூடும். ஆனால் ஒரு கனமழை மேகத்துக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. அது தன்னைச் சுற்றியிருக்கும் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக் கொட்டிவிடும். எனவே கொட்டும்போது 7 சதவீதத்தை ஒட்டிக் கூடுகிறது, மொத்தமோ அதைவிட மிகக் குறைவாகக் கூடுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கவேண்டுமென்றால் ஏதோ ஒன்று குறைய வேண்டும். குறைவது மிதமான மழையும் மழை நாட்களும்.

இது காகிதக் கணக்கு. அளவீடு என்ன சொல்கிறது? சேத் வெஸ்ட்ராவும் உடன் ஆய்வாளர்களும் 2013-இல் உலகெங்குமுள்ள 8326 நிலையங்களை எடுத்து, ஒவ்வொரு ஆண்டிலும் மிக அதிகமாகப் பெய்த ஒற்றை நாளின் மழையைப் பார்த்தார்கள். தனித்தனியாகப் பார்த்தால் உறுதியான ஏற்றம் காட்டிய நிலையங்கள் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒவ்வொரு நிலையத்தையும் ஒருவர் தனித்தனியாக ஆராய்ந்திருந்தால் பெரும்பாலானவர்கள் "போக்கு இல்லை" என்றுதான் எழுதியிருப்பார்கள். ஆனால் மூன்றில் இரண்டு பங்கு நிலையங்கள் ஒரே திசையில், மேல்நோக்கி, சாய்ந்திருந்தன. தற்செயல் என்றால் பாதிக்குப் பாதி பிரிந்திருக்க வேண்டும். ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டபோது ஏற்றம் டிகிரிக்கு 5.9 முதல் 7.7 சதவீதம் என்று வந்தது. இயற்பியல் சொன்ன 7 அதற்குள் இருக்கிறது.

மொத்தம் மறைப்பதை வடிவம் காட்டும் என்பதற்கு பி.என்.கோஸ்வாமியும் சக ஆய்வாளர்களும் 2006-இல் வெளியிட்ட மத்திய இந்திய ஆய்வு அருமையான சான்று. 1951 முதல் 2000 வரையிலான பருவமழையின் சராசரியில் சொல்லத்தக்க போக்கு எதுவுமில்லை. உள்ளே பிரித்துப் பார்த்தால் ஒரே நாளில் 100 மில்லிமீட்டரைத் தாண்டும் மழை கூடிக்கொண்டும், மிதமான மழை குறைந்துகொண்டும் வந்தன. ஒன்றின் ஏற்றம் மற்றொன்றின் இறக்கத்தைச் சரிக்கட்டிவிட்டது. சராசரியை மட்டும் பார்த்தவருக்கு ஐம்பது ஆண்டுகளாக எதுவுமே நடக்கவில்லை. நிலத்துக்கோ எல்லாமே மாறியிருக்கிறது: மெதுவாக இறங்கி ஊற வேண்டிய நீர் ஒரே நாளில் வழிந்தோடினால் நிலத்தடியில் சேர்வதும் பயிருக்குக் கிடைப்பதும் ஒன்றாகாது.

போக்கைக் கண்டுபிடித்துவிட்டால் காரணமும் தெரிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஆப்பிரிக்காவின் சாஹேல் பகுதி இதற்குப் பெரிய பாடம். 1970-களிலும் 80-களிலும் அங்கே மழை கடுமையாகக் குறைந்தது. ஏராளமானோர் பட்டினியால் மாண்டார்கள். கால்நடைகளை அளவுக்கு மீறி மேய்த்துப் புல்வெளியை அழித்ததால் மழை குறைந்தது என்ற விளக்கத்துக்கு ஆரம்பத்தில் செல்வாக்கு இருந்தது. ஜூல் சார்னி 1975-இல் வெறுமையான நிலம் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் மழை குறையும் என்று ஒரு நுட்பமான வழிமுறையையும் முன்வைத்தார். பிறகு 1986-இல் கிறிஸ் ஃபோலண்டும் சகாக்களும் அந்த மழையைத் தொலைதூரக் கடல்களின் வெப்பநிலையோடு இணைத்துக் காட்டினார்கள். 2003-இல் அலெசாண்ட்ரா ஜன்னினியும் சகாக்களும் கடல் வெப்பநிலையை மட்டும் காலநிலையைக் கணக்கிடும் கணினி மாதிரியில் கொடுத்தாலே அந்த வறட்சியின் போக்கு வெளிப்படுவதைக் காட்டினார்கள். வட அரைக்கோளத்தின் தொழிற்சாலைப் புகையில் வந்த கந்தகத் துகள்கள் அந்தக் கடலைக் குளிர்வித்து மழைப் பட்டையைத் தெற்கே தள்ளியதில் பங்கு வகித்தன என்பது இன்று வலுவாக நிற்கும் விளக்கம். பட்டினி கிடந்த மேய்ப்பர்கள் மீதே பழி விழுந்திருந்தது. காரணம் சொல்வதில் விஞ்ஞானிகள் நிதானமாக இருக்க வேண்டும் என்று நான் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், இது போன்ற வரலாறு இருக்கிறது.

இந்தத் துகள்கள்தான் மழைத் தயக்கத்தின் இன்னொரு முக்கியக் காரணமும்கூட. கரியமில வாயு உலகமெங்கும் ஏறக்குறைய சீராகக் கலந்திருக்கும், பல நூற்றாண்டு தங்கும். புகைத் துகள்கள் சில நாட்களிலேயே படிந்துவிடும், வெளியிட்ட வட்டாரத்திலேயே அதிகம் இருக்கும், சூரிய ஒளியை மறைத்து மழையைக் குறைக்கும். பசுமை இல்ல வாயுக்கள் மழையை ஒரு பக்கம் இழுக்க, துகள்கள் மறுபக்கம் இழுக்கின்றன. காற்றைச் சுத்தப்படுத்தும் இடங்களில் அந்தத் தடை விலகும். நாளைய மழை ஓரளவுக்கு நாளைய புகைபோக்கிகளைப் பொறுத்தது. அதை முன்கூட்டியே யார் சொல்ல முடியும்?

வெப்பநிலையின் காரணத்தைக் கண்டுபிடிப்பதில் இந்தக் குழப்பம் குறைவு. கிளாஸ் ஹாசல்மன் 1979-இல் ஒரு வழியைக் காட்டினார்: ஒவ்வொரு காரணமும் தனக்கே உரிய கைரேகையை விட்டுச்செல்லும், அளவீட்டில் அந்த வடிவத்தைத் தேடுங்கள். சூரியன் அதிகமாகக் காய்ந்தால் வளிமண்டலத்தின் மேலடுக்கும் கீழடுக்கும் சேர்ந்து சூடாகும். கரியமில வாயு கூடினால் கீழே சூடாகி, ஸ்ட்ராட்டோஸ்பியர் எனும் மேலடுக்கு குளிரும். சியுகுரோ மனாபேவும் ரிச்சர்ட் வெதரால்டும் 1967-லேயே தங்கள் மாதிரியில் இதைக் கண்டிருந்தார்கள். பிற்பாடு பலூன்களும் செயற்கைக்கோள்களும் அளந்தபோது அதேதான் நடந்துகொண்டிருந்தது. மனாபேவுக்கும் ஹாசல்மனுக்கும் 2021-இல் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

மழைத் தரவை மேம்படுத்த வழியே இல்லையா என்றால், இருக்கிறது. அதில் ஒரு பகுதி பழைய காகிதங்களில் கிடக்கிறது. 2020-இல் பொதுமுடக்கக் காலத்தில் எட் ஹாக்கின்ஸ் என்ற காலநிலை விஞ்ஞானி பிரிட்டனின் பழைய மழைப் பதிவுத் தாள்களின் படங்களை இணையத்தில் போட்டு, தட்டச்சு செய்து தரும்படி பொதுமக்களிடம் கேட்டார். 16,000 பேர் சேர்ந்து சில வாரங்களுக்குள் ஐம்பது லட்சத்துக்கும் அதிகமான அளவீடுகளை எண்ணாக்கித் தந்தார்கள். 1862-இல் தொடங்கிய அந்நாட்டின் அதிகாரப்பூர்வ மழைத் தொடர் இதனால் 1836 வரை பின்னோக்கி நீண்டது. சரிபார்த்துப் பார்த்தபோது 1855 போன்ற மிக வறண்ட ஆண்டுகள் வெளியே வந்தன. இருபத்தாறு ஆண்டுகள் நீண்டது சின்ன விஷயமாகத் தோன்றலாம். மழைபோன்ற இரைச்சல் மிகுந்த தரவில் ஒவ்வொரு கூடுதல் ஆண்டும் தங்கம். உலகின் பல ஆவணக் காப்பகங்களில் இப்படி எண்ணாக்கப்படாத பதிவேடுகள் இன்னும் ஏராளமாக இருக்கின்றன, காகிதம் உதிர்ந்துகொண்டும் இருக்கிறது. பெரிய கணினிகளுக்குச் செலவாகும் பணத்தில் ஒரு துளியை இதற்கு ஒதுக்கினால் பலன் அதிகம் என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே நடைமுறைக்கு இப்படிச் சொல்வேன். யாராவது "எங்கள் பகுதியில் ஆண்டு மழை இத்தனை சதவீதம் குறையும்" என்று ஒற்றை எண்ணாகச் சொன்னால் அதை அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் காலநிலை மாதிரிகள் கூடுமா குறையுமா என்பதிலேயே ஒத்துப்போவதில்லை. அதே இடத்துக்கு "கொட்டும் நாட்களின் மழை இன்னும் தீவிரமாகும், மண் இன்னும் வேகமாகக் காயும்" என்று சொன்னால் அதன் மீது வடிகாலையும் அணையையும் பயிர்த் திட்டத்தையும் தாராளமாக வடிவமைக்கலாம். முதல் கூற்று காற்றோட்டம் எங்கே நகரும் என்பதைப் பொறுத்தது, இரண்டாவது காற்று எவ்வளவு சூடாகும் என்பதை மட்டுமே பெருமளவு பொறுத்தது. சராசரியாக நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் என்று முன்பு கணக்கிட்ட வெள்ள அளவை வைத்துப் பாலம் கட்டுபவர்களிடம் கேட்கவேண்டிய கேள்வி, அந்த அளவு எந்த ஆண்டுகளின் பதிவிலிருந்து வந்தது என்பதுதான். 1970-க்கு முந்தைய பதிவு என்றால் அந்தப் பாலம் இப்போது இல்லாத ஒரு காலநிலைக்காகக் கட்டப்படுகிறது.